கேட்க முடிந்த கூலி

நூறு நாள் வேலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மரத்தடிதான். வருகைப் பதிவுக்குப் போட்டோ எடுத்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிழலில் உட்காருகிறார்கள், களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். மரத்தடியே கிடையாது என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடும்பத்துக்குச் சொன்னதே வருடத்துக்கு 100 நாள்தான். கிடைத்தது நாடு முழுக்கச் சராசரியாக 50 நாளை ஒட்டித்தான். மிச்ச நாளெல்லாம் எதைச் சாப்பிடுவது? ஆள் வராமல் இல்லை. பழைய கூலிக்கு வருவதில்லை. முன்பெல்லாம் நிலத்துக்காரர் முதல் நாள் சாயங்காலம் தெருவுக்கு வந்து "நாளைக்கு நாலு பேர் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். எவ்வளவு தருவீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. பூவை வாங்க ஒரே கமிஷன் கடை இருக்கிற ஊரில் விவசாயி விலை பேச முடியாத மாதிரிதான் இதுவும். நூறு நாள் திட்டத்தின் ஏரி வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு வாய் திறந்தது. ஏரிப் பக்கமே போகாத பெண்ணும் அதைக் கேட்கலாம்.

இது ஊகம் இல்லை. பிரிவினைக்கு முந்தைய ஆந்திரத்தில், எந்த மண்டலத்துக்குக் கைரேகை அட்டை வழியான கூலிப் பட்டுவாடா முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் அந்த மண்டலங்களை மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். அட்டை வந்து திட்டம் ஒழுங்காக நடந்த இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியிருந்தது. கூடியதில் பெரும்பகுதி திட்டக் கூலி அல்ல, வெளியே வேலை செய்து சம்பாதித்தது. வெளிவேலை குறையவும் இல்லை, கூடியது. நிலம் சிலர் கையில் குவிந்திருந்த இடங்களில் இந்த விளைவு இன்னும் அதிகம். கூலியை அழுத்தி வைத்திருந்தது யார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டு ஏக்கர்காரர் எங்கே போவார் என்ற கேள்வியை மட்டும் தள்ள முடியாது. நெல் விலை அவர் கையில் இல்லை; கூலி உயர்வு அவரை நிஜமாகவே கடிக்கும். அவர் வீட்டிலிருந்தே ஒருவர் ஏரி வேலைக்குப் போவதும் உண்டு என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதிலை நெல் கொள்முதல் விலையில் தேட வேண்டும், களை எடுப்பவளின் முந்தானையில் அல்ல. நடவிலும் அறுப்பிலும் திட்டத்தை நிறுத்தி வையுங்கள் என்று நெடுநாளாகக் கேட்டு வந்தார்கள். வருடத்தில் அவள் உழைப்புக்கு நல்ல விலை கிடைக்கக்கூடிய மாதங்களே அவைதான்.