வெறுந்தூண்டிலைப் பிள்ளைக்குக் காட்டு!

உன் பிள்ளை பார்க்க, நீ கடைசியாகத் தோற்றது எப்போது?

யோசி. நன்றாக யோசி.

நினைவுக்கு வரவில்லை, இல்லையா? வராது! தோற்கக்கூடிய ஓர் இடத்துக்கு நீ பிள்ளையை அழைத்துப் போனதே இல்லை.

ஓட்டலுக்குப் போகிறாய். கேட்டது மேஜைக்கு வருகிறது. மாலுக்குப் போகிறாய். காசைக் கொடுத்தால் விளையாட்டு ஓடுகிறது. அங்கே முயற்சிக்கு என்ன வேலை? ஏமாற்றத்துக்கு எங்கே இடம்?

அப்புறம் பரீட்சையில் நாலு மார்க் குறைந்ததும் பிள்ளை இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று புலம்புகிறாய். தோற்றபின் எழுந்து நிற்பதை அவள் எங்கே பார்த்தாள்? யார் காட்டினார்கள் அவளுக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். நூறு ரூபாய்க்கு நைலான் நரம்பு, நாலு தூண்டில் முள், கொஞ்சம் ஈயக்குண்டு. ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பு!

எந்த ஊர் என்கிறாயா? சிதம்பரத்துப் பக்கம் இருந்தால் பரங்கிப்பேட்டைக்குப் போ. வெள்ளாறு அங்கேதான் கடலைத் தொடுகிறது. சென்னையா? முட்டுக்காடு இருக்கிறது, பழவேற்காடு இருக்கிறது. தூத்துக்குடியா? தாமிரபரணி புன்னைக்காயலில் காத்திருக்கிறது. இத்தனை ஆறுகள் கடலைத் தேடிப் போகிற நாட்டில் பிறந்துவிட்டு, இடம் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வருகிறதா?

பரங்கிப்பேட்டைக் கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. டாக்டர் பட்டம் வாங்குகிறவர்கள் அந்தக் கழிமுகச் சேற்றில் காலை வைத்துத்தான் மீனையும் நண்டையும் படிக்கிறார்கள். உன் பிள்ளையின் கால் மட்டும் சேறு படக்கூடாத காலா?

“எனக்கு மீன் பிடிக்கத் தெரியாதே!”

தெரியாதுதான். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்! அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாத ஒன்றை, அவர்கள் திணறித் திணறிக் கற்றுக்கொள்வதைப் பிள்ளை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும்.

“எப்போது போவது, கடல் ஏறி வற்றும் ஓதம் எல்லாம் யாருக்குத் தெரியும்?”

உன் வீட்டுச் சுவருக்குத் தெரியும்! தினசரிக் காலண்டரைப் பார். திதி போட்டிருக்கிறதா? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். அட்டமி, நவமியில் ஏற்றமும் மந்தம், இறக்கமும் மந்தம். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இந்தக் கிழக்குக் கரையில், அமாவாசை பௌர்ணமிப் பக்கம் மதியத்தில் வற்றிக் கிடக்கிற தண்ணீர் மாலையை நோக்கி ஏறத் தொடங்கும். ஏறுகிற தண்ணீரோடு மீனும் உள்ளே வரும். உன் பிற்பகலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ராகு காலம் பார்க்கத் தெரிந்த உனக்கு ஓதம் பார்க்கத் தெரியாதா?

“மீன்பிடித் தடைக்காலமாக இருந்தால்?”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அது விசைப்படகுக்கு. கரையில் நின்று கைத்தூண்டில் போடுகிற உன்னை யார் தடுத்தார்கள்? உன் சோம்பலைத் தவிர!

“தண்ணீர் பயமாக இருக்கிறது.”

இது சாக்கு இல்லை. இதை மதிக்கிறேன்.

2004 டிசம்பர் 26. கடலூர்க் கரையை ஆழிப்பேரலை அடித்து நொறுக்கிய காலை. வீடு போனது. படகு போனது. பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு நின்றவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இல்லாத பயமா உனக்கு? அவர்கள் திரும்பவும் வலையைத் தோளில் போட்டார்கள். திரும்பவும் அதே கடலுக்குள் போனார்கள்!

பயப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு பயப்படு!

தண்ணீர் வற்றும்போது முகத்துவாரத்தின் வாய்ப் பக்கம் போகாதே. ஆற்றுத் தண்ணீரும் ஓதத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே இழுக்கும். உள்ளே தள்ளி, ஊர்க்காரர்கள் நிற்கிற கரையில் நில். முழங்காலுக்கு மேல் பிள்ளையை இறக்காதே. சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காதே, உரசிக்கொண்டே நட. அடியில் திருக்கை படுத்திருந்தால் அதிர்வு உணர்ந்து விலகிப் போய்விடும். கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் தொடாதே. முதுகில் ஒரு முள், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள். மூன்றிலும் விஷம்!

பார்த்தாயா? ஒரு நிமிடத்துக்கு முன் உன் பயத்துக்கு உருவம் இல்லை. இப்போது அதற்குப் பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்த பயத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

சரி, கரைக்கு வந்துவிட்டாய். முள்ளில் இறாலைக் கோத்தாய். நரம்பை வீசினாய்.

ஒன்றும் வரவில்லை.

கண்ணெதிரே மீன் துள்ளுகிறது! வெள்ளி மின்ன, ஒன்று, இரண்டு, ஐந்து. பிள்ளை குதிக்கிறாள். நீ மறுபடி வீசுகிறாய். ஒன்றும் இல்லை. மறுபடி. ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் ஓடிவிட்டது. நெற்றியில் வேர்வை. பக்கத்தில் நிற்கிற பெரியவர் ஓரக்கண்ணால் பார்க்கிறார்.

இப்போது என்ன சொல்லப் போகிறாய்? “நமக்கு ராசி இல்லை, வா போகலாம்” என்றா?

சொல்லாதே! அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமப்பாள்!

ராசி என்ன பாவம் செய்தது? துள்ளுகிற மீன் என்ன மீன் என்று கேட்டாயா? அது மடவை. சேற்றில் படிந்த பாசியையும் மட்கையும் மேய்கிற மீன். உன் இறாலை அது சீண்டாது! நீ காலை வரை வீசினாலும் சீண்டாது. மைதா மாவைப் பிசைந்து சின்ன முள்ளில் உருட்டி வைத்துப் பார், அப்போது ஒருவேளை வாய் வைக்கும். இறாலுக்கு வருவது கெளுத்தி. உயிர் இறாலுக்கும் சிறு மீனுக்கும் பாய்வது கொடுவா.

உன் வாழ்க்கையில் எத்தனை மடவைக்கு இறாலை வீசியிருக்கிறாய்? வேலை கிடைக்கவில்லை, வியாபாரம் எடுபடவில்லை என்று எத்தனை முறை ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாய்? இரையை மாற்றிப் பார்த்தாயா? ஒரே ஒரு முறையாவது?

அந்தப் பெரியவரிடம் போ. பிள்ளை பார்க்கப் போ. “ஐயா, எனக்கு ஒண்ணும் மாட்டலீங்க, என்ன தப்பு பண்றேன்?” என்று கேள். உனக்குக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்! அப்பா ஒருவரிடம் தெரியாது என்று சொல்லிக் கேட்டதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

அப்புறம் ஒரு இழுப்பு. சுண்டி எடுத்தால், பேத்தை! தண்ணீரை விட்டு வந்ததும் உப்பிப் பந்தாகிவிடும். பிள்ளை கைதட்டிச் சிரிப்பாள். நஞ்சுள்ள மீன், சமையலுக்கு ஆகாது. முள்ளைக் கழற்றித் திரும்ப விடு. இரையும் போச்சு, மீனும் இல்லை. மறுபடி இறால் கோ. இப்போது பிள்ளையைக் கோக்கச் சொல். வால் பக்கம் குத்தி உடம்பின் வளைவோடே முள்ளைத் தள்ளினால் இறால் நிற்கும். முதல் இறால் பிய்ந்து விழும். இரண்டாவதும் விழும். விழட்டும்! நீ பிடுங்கிச் செய்யாதே. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்!

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார். தூண்டில் கிடையாது. வலை கிடையாது. தண்ணீருக்குள் அமிழ்ந்தபடி சேற்றைக் கையால் துழாவித் துழாவிப் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்று, ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். மணிக்கணக்கில்! வெறுங்கையாக எத்தனை தடவை அந்தக் கை மேலே வரும்? மறுபடி உள்ளே போகிறதே! அந்தப் பெண்களின் பாட்டைவிடவா உன் பாடு பெரிய பாடு?

“பெண் பிள்ளைக்கு எதற்குத் தூண்டில்?”

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு உண்டா? கேட்கிறவர்களைக் கொடுவா மீனைக் கேட்கச் சொல்! பிறக்கும்போது பெரும்பாலும் ஆண். சில வருஷம் வளர்ந்து பெரிதானபின் பெண்ணாக மாறுகிற மீன் அது. தராசில் ஏற்றும்போது கரையே கூடி நின்று பார்க்கிற பெரிய கொடுவா அநேகமாகப் பெண்தான்! உன் மகள் கையில் நரம்பைக் கொடு. அவள் அம்மா கையிலும் ஒன்று கொடு. குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார அவர்கள் வரவில்லை!

மீன் மாட்டாமலே பொழுது சாய்ந்தால்? வெறும் வாளியோடு ஊர் திரும்பு. எதிர்வீட்டுக்காரர் “என்ன, மீன் எங்கே?” என்று கேட்டால், கிடைக்கவில்லை என்று உரக்கச் சொல். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல். அடுத்த அமாவாசைக்கு மாவோடு போகிறோம் என்று அதே மூச்சில் சொல்!

இன்னும் என்ன யோசனை? எழுந்திரு! நரம்பை வாங்கு. முள்ளை வாங்கு. முள்ளில் முடிச்சைப் பிள்ளையே போடட்டும். அவிழ்ந்து மீன் தப்பினால் தப்பட்டும். வேறு முள்ளை எடுத்துக் கையில் கொடு. மறுபடி கட்டச் சொல்!