ஆடையும் சாட்சியமும்

ஓர் ஆடை நிறுவனம் தன்னை நேர்மையானது என்று கூறிக்கொண்டால், அக்கூற்றை எந்தத் தராசில் நிறுப்பது? 'நியாயமான கூலி கொடுத்துத் தைத்தது', 'மண்ணுக்கும் நீருக்கும் கேடு செய்யாதது' என்னும் வாசகங்கள் இன்று சட்டையோடு சேர்ந்தே விற்பனைக்கு வருகின்றன. சிலர் அவற்றை அப்படியே நம்பிவிடுகின்றனர். சிலர் எல்லாம் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிடுகின்றனர். இரண்டுமே ஆராயாமல் வழங்கும் தீர்ப்புகள்.

அரபுக் கலைகளில் 'தத்லீஸ்' என்றொரு சொல் உண்டு. அறிவிப்பாளர் தொடரின் நடுவே நிற்கும் பலவீனமான ஒருவரை மறைத்து, தொடர் பழுதற்றது போலத் தோன்றச் செய்வதை ஹதீஸ் கலையினர் அவ்வாறு அழைப்பர். ஃபிக்ஹின் வணிகப் பாடத்திலோ அதே சொல், சரக்கின் குறையை மறைத்து விற்பதைக் குறிக்கும். பால் கறவாமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டி ஆட்டை விற்பது அதற்குப் பழைய உதாரணம். ஆடை விஷயத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன. பருத்திக் காடு, நூற்பாலை, சாயப்பட்டறை, தையற்கூடம், கடை என்று அதுவும் ஒரு தொடர்தானே!

'இயற்கை வேளாண் பருத்தி' என்னும் வாசகம் காட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சாயத்தொட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அந்நீர் பயிருக்கே ஆகாததாயிற்று. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வாசகம் பொய்யன்று, நடுவில் நிற்பவர் மட்டும் மறைக்கப்பட்டிருக்கிறார்.

இனி, சாட்சி சொல்வோரைப் பார்ப்போம். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலைக்கு, தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ. 8000 என்னும் சான்றிதழ் 2012 ஆகஸ்டில் வழங்கப்பட்டது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அவ்வாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆயின் சன்னல்களில் கம்பி அடித்ததும், வெளியேறும் கதவுகளைப் பூட்டியதும் தீ வைத்தவர்கள் அல்லர். சான்றிதழ் பெறும் ஆலையே சோதனைக்குக் கட்டணமும் செலுத்துவது இத்துறையின் பொது வழக்கம். தன் சாட்சியத்தால் தானே ஆதாயம் அடைபவரின் சொல்லை நம் காழிகள் ஏற்றதில்லை.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பங்களாதேஷில் ஏற்பட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் வேறு வகையானது. அதில் நிறுவனங்களோடு தொழிற்சங்கங்களும் கையொப்பமிட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்துவது. ஆலைகளின் பெயரோடு சோதனை முடிவுகளும் பகிரங்கமாயின. கூரையின் கீழ் நிற்பவனே சாட்சிக் கூண்டிலும் நின்றான் எனலாம்.

ஆகவே கேட்க வேண்டியது, தன் ஆலைகளின் பெயர்களையும் ஊர்களையும் அந்நிறுவனம் வெளியிடுகிறதா, சோதித்தவர் யார், அவருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதே. ஆண்டுதோறும் தையற்கூலியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கூலி சரியாக வழங்கப்படுகிறதா என்று பார்க்க ஆளனுப்பும் நிறுவனத்தின் சோதனை அறிக்கையைவிட, அது கொடுக்கும் விலையே உண்மையான அறிக்கை.

பெருநாளைக்கு நான்கு பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வழி தேடும் கூலித் தொழிலாளியிடம் இக்கேள்விகளை வைப்பது முறையன்று. விசாரிக்க நேரமும் கூடுதல் விலை கொடுக்க வசதியும் உள்ளவர் கேட்கட்டும்.