ஐந்நூறு பேரின் தீர்ப்பு

ஏற்காட்டு மலையின் லேடி சீட்டில் பனி விலகினால் கீழே சேலம் முழுசாகத் தெரிகிறது. 1900 முதல் அங்கே வக்கீலாக இருந்தவர் ராஜாஜி. 1917இல் நகராட்சித் தலைவர். பிறகு தொழிலை உதறிவிட்டு ஒத்துழையாமையில் இறங்கி, 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். சாக்ரடீஸைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூலும் எழுதினார். வழக்காடிப் பிழைத்தவருக்கு, தப்பிக்க வாதாடாத கிழவர்மேல் அப்படியொரு பற்று.

*

கி.மு. 399, ஏதென்ஸ். சாக்ரடீஸுக்கு வயது 70. ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை, புதுத் தெய்வங்களைப் புகுத்தினார், இளைஞர்களைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. விசாரணையும் மரண தண்டனைத் தீர்ப்பும் ஒரே நாளில் முடிந்தன. சீட்டுக் குலுக்கிப் பொறுக்கிய குடிமக்கள் சுமார் 500 பேர்தான் நீதிபதிகள். 30 ஓட்டு மாறி விழுந்திருந்தால் விடுதலை என்று பிளேட்டோ எழுதுகிறார். என்ன தண்டனை தரலாம், நீரே சொல்லும் என்றார்கள். ஊர்ச்செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார்.

*

சிலப்பதிகார மதுரையில் தவறாகத் தீர்ப்புச் சொன்னது பாண்டியன் ஒருவன். அவன் வாசலுக்குக் கண்ணகி சிலம்போடு போக முடிந்தது. பிழை தெரிந்ததும் பாண்டியன் உயிரை விட்டான். ஏதென்ஸில் பிழை பல நூறு பங்காகிவிட்டது. பங்கு சிறியது என்பதால் யாருக்கும் உறுத்தியிருக்காது. அன்றிரவு அவரவர் வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள். ஒரு கண்ணகி வந்திருந்தாலும் எந்த வாசலில் போய் நின்றிருப்பாள்? கூட்டத்தோடு கை தூக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வருகிறது. ஊர்ப் பஞ்சாயத்தானாலும் சரி, சங்கக் கூட்டமானாலும் சரி.

*

1922 மார்ச் 18, அகமதாபாத். காந்தி ராஜத்துரோகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, உச்சத் தண்டனை கொடுங்கள் என்றார். நீதிபதி புரூம்ஃபீல்டு தனியாளாக உட்கார்ந்து ஆறு ஆண்டு சிறை விதித்தார். அரசு இதைக் குறைத்தால் தன்னைவிட மகிழ்பவர் இருக்க மாட்டார் என்றும் சொன்னார். அந்தச் சுமை அவர் ஒருவர் தோளில்தான் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. அவரை நான் மதிக்கிறேன்.

*

அதற்கு முன், 1908 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் கைரேகைப் பதிவை மறுத்து காந்தியும் அவருடைய போராட்டத் தோழர் தம்பி நாயுடுவும் ஜோகன்னஸ்பர்க் சிறையில் இருந்தார்கள். சில மாதம் கழித்து, சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதை காந்தி தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் குஜராத்தியில் சுருக்கித் தந்தார். சிறு நூலாக வந்த அந்தச் சுருக்கத்தை 1910இல் பம்பாய் அரசு தடை செய்தது. 2,300 ஆண்டுக்கு முன் செத்த மனிதரின் பேச்சுக்கு அரசு பயந்தது.

ஆனால் காந்தி சுருக்கியது நீதிமன்றப் பேச்சைத்தான். அதற்குப் பிறகு ஒரு சிறைக்கதை உண்டு. டெலோஸ் தீவுக்குப் போன கப்பல் திரும்பும்வரை மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்பதால் சாக்ரடீஸ் சிறையில் காத்திருந்தார். தப்பிக்க நண்பர் கிரிட்டோ எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். இந்த ஊர்ச் சட்டம் என்னை வளர்த்தது, அதை மீறமாட்டேன் என்று சாக்ரடீஸ் மறுத்துவிட்டார். அவருக்கு அந்த ஊரில் ஓட்டு இருந்தது, சபையில் பேசும் உரிமை இருந்தது. டிரான்ஸ்வாலில் கைரேகை வைக்க மறுத்துச் சிறைக்குப் போன தமிழர்களுக்கு இரண்டும் இல்லை. கிரிட்டோவுக்குச் சொன்ன பதிலை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது.