கைமாறாதவர்கள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் எனக்கிருக்கும் ஈடுபாட்டை நண்பர்கள் சிலர் ஒரு பலவீனமாகவே கருதிவந்திருக்கிறார்கள். இருக்கட்டும். நான் இங்கு எழுத விரும்புவது ஆட்டத்தைப் பற்றி அல்ல, அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் ஒரு பேச்சைப் பற்றி. என்.பி.ஏ. என்ற அந்த ஸ்தாபனத்தில் ஓர் அணி தன் ஆட்டக்காரனை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கிருந்து ஒருவனை வாங்கிக்கொள்ளலாம். டிரேட் என்று பெயர். பெயரில் ஒளிவுமறைவு இல்லை, வியாபாரம்தான். மிகச் சிலரைத் தவிர மற்றவர்களின் சம்மதம் இதற்குத் தேவைப்படுவதில்லை. பேசி முடித்துக் கடைசி நேரத்தில் நின்றுபோன வியாபாரங்கள் என்றால் ரசிகர்களுக்குத் தனி ருசி. 'அது நடந்திருந்தால்?' என்று ஆரம்பித்து, ஆடப்படாத இறுதிப் போட்டிகளை ஆடி முடித்து, வெல்லப்படாத கோப்பைகளைப் பங்கிட்டும் கொடுத்துவிடுகிறார்கள். நானும் செய்திருக்கிறேன். இப்போது அதில் எனக்கு ஓர் உறுத்தல். உறுத்துவது எது என்று பார்க்கும் யத்தனமே இது.

1994 ஜூனில் சிகாகோ அணி ஸ்காட்டி பிப்பனை சியாட்டிலுக்குக் கொடுத்து ஷான் கெம்ப்பை வாங்கத் தயாராக இருந்தது. மைக்கேல் ஜோர்டன் முந்தைய அக்டோபரில் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பிப்பனுக்கு 28 வயது, கெம்ப்புக்கு 24. இதே பிப்பனை 1987-ல் முதலில் தேர்ந்தெடுத்ததும் சியாட்டில்தான். அன்றைக்கே சிகாகோவுக்குத் தள்ளிவிட்டிருந்தது. செய்தி கசிந்ததும் சியாட்டில் ரசிகர்கள் வானொலியில் கொதித்தார்கள். அணியின் சொந்தக்காரர் பாரி அக்கர்லி பின்வாங்கினார். 1995 மார்ச்சில் ஜோர்டன் திரும்பினார். அடுத்த பருவத்தில் சிகாகோ 72 ஆட்டங்களில் வென்றது. 1996 இறுதிப் போட்டியில் அது தோற்கடித்தது சியாட்டிலை. எதிரெதிராக நின்றவர்கள் பிப்பனும் கெம்ப்பும். 1997, 1998 கோப்பைகளும் சிகாகோவுக்கே.

இங்கே ரசிகனின் கணக்கு தொடங்குகிறது. பிப்பன் போயிருந்தால் மூன்று கோப்பைகளும் இல்லை என்பான் ஒருவன். இல்லை, கெம்ப்போடும் ஜோர்டன் வென்றிருப்பார் என்பான் இன்னொருவன். ஒரு காயை மட்டும் நகர்த்திவிட்டு மற்றவையெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். பிப்பன் இல்லாத அணிக்கு ஜோர்டன் திரும்பியே இருப்பாரா? நடக்காததற்கு எல்லை கிடையாது; நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்திக்கொண்டு அதற்கு விளைவு என்று பெயர் சூட்டுகிறோம். அற்பாயுளில் போன எழுத்தாளனுக்கு இன்னும் இருபது வருஷம் கொடுத்து அவன் எழுதாத நாவல்களுக்கு நாம் விமர்சனம் செய்வதும் இந்த ரகம்தான்.

தர்க்கப் பிழை பெரிய குற்றமல்ல. சிகாகோவின் நிர்வாகி ஜெர்ரி கிராஸை 2017-ல், அவர் இறந்த சில மாதங்களில், கௌரவ மண்டபத்தில் சேர்த்தார்கள். பிப்பனை 1987-ல் கண்டெடுத்தவர் அவர். கொடுத்துவிட இருந்தவரும் அவரே. 1994-ல் அவர் கையைத் தடுத்தது எதிர்த் தரப்பின் பயம். அந்தப் பயம் கொடுத்த கோப்பைகளும் அவர் கணக்கில்தான் சேர்ந்தன. ஒருவனுடைய செயலை மதிப்பிடுவதில் அவன் கையில் இல்லாத தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்று பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-ல் எழுப்பிய பிரச்னை இங்கே ஸ்தூலமாகவே நிற்கிறது. ஆனால் என் உறுத்தல் இதுவும் அல்ல. இந்தக் கணக்குகள் எதிலுமே வராமல் விடுபட்டுப்போகிற ஒரு விளைவு இருக்கிறது.

2011 டிசம்பர் 8. நியூ ஆர்லியன்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ், ஹூஸ்டன் மூன்று அணிகளும் பேசி முடித்தன. கிறிஸ் பால் லேக்கர்ஸுக்கு. பாவ் காஸோல் ஹூஸ்டனுக்கு. லமார் ஓடம் நியூ ஆர்லியன்ஸுக்கு. நியூ ஆர்லியன்ஸ் அணி அப்போது என்.பி.ஏ.வுக்கே சொந்தமாக இருந்ததால், அதன் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் சொந்தக்காரரின் ஸ்தானத்திலிருந்து மறுத்துவிட்டார். சில நாட்களில் பால் அதே ஊரின் இன்னோர் அணியான கிளிப்பர்ஸுக்குப் போனார். பாலும் கோபி பிரயண்டும் சேர்ந்து ஆடியிருந்தால் எத்தனை கோப்பை என்று இன்றுவரை பேச்சு.

ஓடம் 2004-லிருந்து லேக்கர்ஸில் இருந்தவர். இரண்டு கோப்பைகளில் பங்கு அவருக்கு உண்டு. அந்த வருஷம்தான் சிறந்த மாற்று ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றிருந்தார். வியாபாரம் ரத்தானதால் அவர் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. என்னை அனுப்பிவிடுங்கள் என்று அவரே கேட்டார். மூன்றே நாளில் டல்லஸுக்கு அனுப்பப்பட்டார். முந்தைய பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 14.4 புள்ளிகள், டல்லஸில் 6.6. பருவம் முடியும் முன்பே அணியைப் பிரிந்தார். அந்தக் கோடையிலேயே அவர் வேறு துக்கங்களையும் சுமந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் இந்த ஒன்றின் தலையில் கட்ட மாட்டேன். ஆனாலும், நடக்காத ஒன்று அவருக்கு நடந்திருந்தது.

காஸோல் இருந்தார். அதே தராசில் அவரும் ஏற்றி இறக்கப்பட்டவர்தான். 2014 வரை அங்கேயே ஆடினார். 2023-ல் அவருடைய 16-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று லேக்கர்ஸ் அவரைக் கௌரவித்தது. அப்படியானால் ஓடமுடையது வெறும் மனப் பலவீனமா? இந்தக் கேள்வியில் நான் வெகு நாள் நின்றேன். காஸோல் தாங்கினார் என்பதால் அவரை வைத்துச் செய்தது சரியாகிவிடாது. விளைவைக் காட்டி நியாயம் சொல்வது கோப்பை எண்ணும் கணக்கின் இன்னொரு பக்கம்.

கோடிக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன அவமானம், கையெழுத்துப் போட்டுத்தானே வந்தான் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அவர்களில் ஒருவரிடமே இருக்கிறது. 1970-ல் சின்சினாட்டி அணி ஆஸ்கார் ராபர்ட்சனை பால்டிமோருக்குக் கொடுக்க முனைந்தது. ஒப்பந்தப்படி மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது, மறுத்தார். பிறகு மில்வாக்கிக்குச் சம்மதித்துப் போய் 1971-ல் கோப்பை வென்றார். ஆட்டக்காரர் சங்கத் தலைவராக அவர் அதே 1970-ல் தொடுத்த வழக்கு 1976-ல் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் வேறு அணி தேடிக்கொள்ள அதுதான் வழி திறந்தது. அவருக்கும் நல்ல சம்பளம்தான். பிரச்னை விலை அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிரயண்ட்கூட 2007-ல், டெட்ராய்ட்டுக்குப் போக முடியாது என்று சொல்லும் உரிமை இருந்ததால் சொன்னார். இவர்களுக்கும் ஒரு வியாபாரம் நடக்காமல் போயிற்று. ஆனால் நிறுத்தியவர்கள் இவர்கள். அது இவர்களுடைய செயல். பிப்பனுக்கும் ஓடமுக்கும் அது நின்றுபோனது. அனுப்ப நினைத்தது ஒருவர், வேண்டாம் என்றது இன்னொருவர். அவர்கள் இருந்த இடத்தில் இருப்பதே பிறர் முடிவாகிவிட்டது. ரத்து, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

என் சொந்த அனுபவம் மிகச் சிறியது. முன்பு ஒரு அலுவலகத்தில், மாற்றல் பட்டியலில் என் பெயர் பென்சிலால் எழுதப்பட்டு அழிக்கப்பட்டிருந்ததை வேறு எதையோ தேடும்போது பார்த்தேன். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அதிர்ஷ்டக்காரர் என்றார் விஷயம் தெரிந்த ஒருவர். அங்கே இன்னும் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். நாற்காலி அதேதான், உட்கார்ந்தவன் அதே ஆளில்லை.

இவ்வளவும் தெரிந்தவன்தான் பாலையும் பிரயண்டையும் மனசுக்குள் ஒரே அணியில் ஆடவிட்டு ரசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தில் ஓடம் எனக்கு 14 புள்ளிகள், அவ்வளவுதான். அணிச் சொந்தக்காரர்களுக்காவது பணம் என்ற காரணம் உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

இந்தப் பேச்சு நிற்கப் போவதில்லை, நானும் முழுக்க விட்டுவிடுவேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனி 'நடந்திருந்தால்' என்று யாராவது ஆரம்பிக்கும்போது, நடக்காத மறுநாள் காலை பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தவனைப் பற்றி முதலில் கேட்பேன். பேச்சின் சுவாரஸ்யம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.