மாண்டவர் மீளும் கதைகள்

கதை கேட்பதில் நம் சமுதாயம் எவர்க்கும் இளைத்ததன்று. படைப்போர்களையும் கிஸ்ஸாக்களையும் இராகமிட்டு ஓதக் கேட்டு, மஸ்அலாக்களின் வினாவிடைகளில் இரவுகளைக் கழித்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆதலின் அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதை ஒன்றை இவ்வேட்டில் ஆராயப் புகுவதற்காக எவரிடமும் பொறுத்தருளக் கோர வேண்டியதில்லை. சிறுவர்க்குரியது என்று ஒதுக்கப்படும் நூலில்தான், பெரியோர் எழுப்பத் தயங்கும் கேள்விகள் சில வேளைகளில் கூச்சமின்றி எழுப்பப்படுகின்றன. 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைத் தமிழில் கொணர்ந்த நாள்முதல் இத்தகைய நூல்களைப் பாடப்புத்தகத்தினுள் மறைத்து வைத்துப் படித்தோர் நம்மிடையே பலர். அவர்களுள் சிலர் பின்னாளில் பள்ளிவாசல் நிருவாகத்திலும் அமர்ந்தனர். பெயர் சொல்ல மாட்டோம்.

நாம் எடுத்துக்கொண்ட கதை, 1991ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் ஆறு இதழ்களாக வெளியிட்ட ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’. ‘முடிவிலியின் கையுறை’ என்று அதனைத் தமிழாக்கலாம். எழுதியவர் ஜிம் ஸ்டார்லின். வரைந்தவர்கள் ஜார்ஜ் பெரேஸும் ரான் லிம்மும். தத்தம் இதழ்களில் தனித்தனியே உலவும் அதிமானுட வீரர்கள் அனைவரும், அண்டத்தையே உலுக்கும் பேரிடர் ஒன்று வந்துற்றபோது ஒரே கதையில் ஒன்றுகூடுவது இவ்வகையின் இலக்கணம். இதற்கு முன்னோடிகள் உண்டு. 1984இல் தொடங்கிய ‘சீக்ரெட் வார்ஸ்’ மேட்டல் நிறுவனத்தின் பொம்மை விற்பனைக்குத் துணையாகவே பிறந்தது என்பது மறைக்கப்படாத செய்தி. அடுத்த ஆண்டே டிசி நிறுவனம், எண்ணிறந்த உலகங்களை அழித்து ஒன்றாக்கும் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்னும் கதையைப் பன்னிரண்டு இதழ்களில் வெளியிடத் தொடங்கிற்று. ஆயினும் நம் கேள்விக்கு வாய்ப்பான களம் ஸ்டார்லினின் கதையே.

தானோஸ் என்பவன் சனிக்கோளின் துணைக்கோளாகிய டைட்டனில் பிறந்தவன். 1973இல் ஸ்டார்லின் படைத்த பாத்திரம். அவன் காதலிப்பது மரணத்தை. இதனை உவமையாகச் சொல்லவில்லை. அக்கதையுலகில் மரணம் பெண்ணுருக் கொண்டு, வாய் திறவாமல் நிற்கிறாள். இதுகாறும் இறந்தோரைவிட இன்று வாழ்வோர் மிகுந்துவிட்டனர் என்பது அவள் குறை. அக்குறை தீர்க்கும் பொருட்டு ஆன்மா, மனம், ஆற்றல், காலம், வெளி, மெய்ம்மை ஆகிய ஆறின்மீதும் ஆட்சி நல்கும் ஆறு மணிகளைக் கவர்ந்து, தன் இடக்கையின் உறையில் பதிக்கிறான் தானோஸ். முதல் இதழ் முடிவதற்குள் விரலைச் சொடுக்குகிறான். அண்டத்து உயிர்களிற் பாதி அக்கணமே இல்லாமற் போகின்றன. அவளோ அப்போதும் அவனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவளுக்கு நிகராக வேண்டும் என்று முயன்றவன் அவளுக்கும் மேலாகிவிட்டானாம். மேலானவனோடு அவளுக்குப் பேச்சில்லை!

‘பாதி’ என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். இவ்வகைக் கதைகளின் முதல் மரபு, அழிவின் அளவைப் பெருக்கிக்கொண்டே போவது. ஒரு நகரம் அழிந்தது போதாது. ஓர் உலகம் வேண்டும். ஓர் உலகம் பழகிப்போனால் அண்டமே வேண்டும். ஆனால் எண்ணிக்கை ஏற ஏறப் படிப்பவனின் நெஞ்சு இறுகுகிறது. கோடானுகோடி என்பது வெறும் ஒலியாகிவிடுகிறது. ஆகவே ஓவியன் மீண்டும் ஒரு தெருவுக்கும் ஓர் அறைக்கும், அருகிலிருந்தவர் மறையக் கண்டு திகைக்கும் ஒரு முகத்துக்கும் இறங்கி வந்தாக வேண்டியிருக்கிறது. ஓர் உயிரைப் பறிப்பதை மனித குலம் முழுவதையும் அழிப்பதோடு ஒப்பவைத்த திருமறையை ஓதுவோர்க்கு இது புதுமையன்று. பெருந்தொகையின் கனத்தை ஓர் உயிரின்மீது வைத்தால்தான் அது மனிதனுக்கு விளங்கும்.

தானோஸை நோக்குங்கால் நமக்கு நம்ரூதின் நினைவு வருகிறது. உயிர் கொடுப்பதும் எடுப்பதும் தன்னாலும் ஆகும் என்று இப்றாஹீம் (அலை) அவர்களிடம் வாதிட்டவன் அவன். கதிரவனை மேற்கிலிருந்து கொணருமாறு கேட்கப்பட்டதும் வாயடைத்துப் போனான். ஸ்டார்லினின் கற்பனை செய்த துணிச்சல் யாதெனில், கதிரவனை மேற்கிலிருந்து கொணரவும் வல்ல ஒரு நம்ரூதைப் படைத்துக் காட்டியதே. ஆற்றல் அத்தனையும் கைக்கு வந்த பின்னும் அவன் நம்ரூதாகவே இருக்கிறான். தனக்கென ஒரு மேடை, தன்னைப் பாராட்ட ஒரு முகம், இவற்றுக்கு அப்பால் அவன் அறிவு செல்லவில்லை. அருகில் மெஃபிஸ்டோ என்னும் ஷைத்தானிய உருவொன்று நின்று காதில் ஓதுகிறது. போரிட வரும் வீரர்களுக்கு வெல்லும் வாய்ப்புச் சிறிதேனும் இருந்தால்தான் வெற்றி அவள் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் என்று தூண்டுவதும் அதுவே. தானோஸ் தன் ஆற்றலில் பெரும்பகுதியைத் தானே பூட்டிவைக்கிறான். வஸ்வாஸ் என்று நாம் கூறுவது வாள் ஏந்தி வருவதில்லை. புகழ்ச்சியின் ஆடை உடுத்தே வருகிறது என்பதை இதனினும் தெளிவாகத் தீட்டிய சித்திரத்தை நாம் கண்டதில்லை.

நான்காம் இதழில் வீரர்கள் போருக்குச் செல்கின்றனர். ஒருவர் பின் ஒருவராக மடிகின்றனர். இறுதியில் மானுட உடல் வலிமையன்றி வேறேதும் இல்லாத கேப்டன் அமெரிக்கா, தனியராய்த் தானோஸின் முன் நடந்து சென்று நிற்கிறார். தோல்வி உறுதி என்று அறிந்தே நிற்கிறார். இவ்வகைக் கதைகளின் பெருமை முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது எனலாம்.

ஆனால் அதே பக்கத்தின் பின்னால் ஓர் அறக்கேடும் ஒளிந்திருக்கிறது. வீரர்களைப் போருக்கு அனுப்பிய ஆடம் வார்லாக் என்பவன், அவர்கள் வெல்வார்கள் என்று எண்ணி அனுப்பவில்லை. அவர்கள் மடிந்துகொண்டிருக்கும் வேளையில் சில்வர் சர்ஃபர் என்னும் விண்ணூர்தி வீரன் பாய்ந்து கையுறையைப் பறிக்க வேண்டும் என்பதே அவன் திட்டம். ஏனையோர் வெறும் கவனத் திருப்பம். சில்வர் சர்ஃபர் பாய்கிறான், கை தவறுகிறது. மடிந்தோர் வீணே மடிந்தனர். தன் தோழர்களைச் சதுரங்கக் காய்களாக்கிய ஒருவன் அதற்கு எங்கே விடை சொல்வான்?

கதை அவனை விடை சொல்ல விடுவதில்லை. அண்டத்தின் பெருஞ்சக்திகளாகிய உருவங்கள் யாவும் தானோஸிடம் தோற்ற பின்னர், வெற்றிக் களிப்பில் அவன் தன் உடலை விட்டு நீங்குகிறான். அவனால் சிதைக்கப்பட்டு உயிர்ப்பிணமாய் அருகில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த நெபுலா என்னும் பெண் அக்கையுறையைக் கழற்றிக்கொள்கிறாள். அநீதியிழைக்கப்பட்டவரின் முறையீட்டை அஞ்சுமாறு கற்பிக்கப்பட்ட நமக்கு அந்த இடம் உவப்பாகவே இருக்கிறது. எவரும் கணக்கில் கொள்ளாத ஒரு மஸ்லூம், எல்லாம் வல்லவனாகத் தருக்கியவனை ஒரு கணத்தில் வெறுங்கையன் ஆக்கினாள்! பின்னர் அவள், நடந்தவற்றை எல்லாம் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்த நிலைக்கே திருப்பிவிடுகிறாள். மறைந்த பாதி மீள்கிறது. மடிந்த வீரர்கள் எழுகின்றனர். நடந்தது யாதென்று மிகச் சிலரைத் தவிர எவர்க்கும் நினைவில்லை.

இதுவே இவ்வகைக் கதைகளின் தலையாய மரபு. மாண்டவர் மீள்வர். இதற்குத் தத்துவக் காரணம் தேட வேண்டியதில்லை. அடுத்த மாத இதழ் அச்சேறியாக வேண்டும், அவ்வளவே. 1992இல் கொல்லப்பட்ட சூப்பர்மேன் 1993இல் திரும்பிவிட்டார். 1985இல் மாண்ட ஃபிளாஷ் வீரர் பாரி ஆலன், 2008வரை இருபத்து மூன்றாண்டுகள் மண்ணுள் இருந்தது இத்துறையில் ஒரு சாதனையாகவே பேசப்பட்டது. நம் கையுறைக் கதைக்கும் 1992இலும் 1993இலும் அடுத்தடுத்துத் தொடர்ச்சிகள் வந்தன. வணிகத்தின் தேவை கதையின் இறையியலாகிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இது விளையாட்டுத்தானே, இதில் அறம் எங்கே வந்தது என்று வினவுவோர் இருப்பர். அவர்களோடு ஓரளவு நாமும் உடன்படுகிறோம். இறந்தவர் திரும்ப வேண்டும் என்னும் ஏக்கம் இல்லாத வீடு எது? மையித்தை அடக்கிவிட்டுத் திரும்பிய இரவில் வாயிற்கதவு அசைந்தால் திரும்பிப் பாராதவர் எவர்? அந்த ஏக்கத்துக்குக் கதை சற்று இடந்தருவதை நாம் குற்றம் என்று சொல்லவில்லை. நம் கேள்வி வேறு. பாதி அண்டத்தைக் கொன்றவன், கொல்லப்பட்டோர் மீண்ட பின் குற்றவாளியா, அல்லனா?

அல்லன் என்று ஒருவர் வாதிடலாம். இறந்தோர் இல்லை, குருதியில்லை, அழுத கண்ணும் இல்லை. விளைவே இல்லாத செயலுக்கு வழக்கு ஏது? ஆனால் நம் அறநூலோர் மனிதர் செய்யும் தீமையை இருவகைப்படுத்தினர். அல்லாஹ்வுக்கு மாறாகச் செய்தவற்றை அவன் நாடினால் மன்னிப்பான். அடியார்க்கு இழைத்தவை, ஹக்குல் இபாத் எனப்படுபவை, இழைக்கப்பட்டவரிடம் சென்று தீர்க்கப்பட வேண்டியவை. கடனைத் திருப்ப வேண்டும். கண்ணீரைத் துடைக்க வேண்டும். அவர் வாயால் பொருத்தம் பெற வேண்டும். இப்போது இக்கதையைப் பாருங்கள். கொல்லப்பட்டவனுக்குத் தான் கொல்லப்பட்டதே தெரியாது. அவனிடம் போய் எதற்காக மன்னிப்புக் கேட்பது? காலத்தைத் திருப்பியதால் குற்றம் நீங்கவில்லை. மன்னிக்கும் உரிமை பெற்றவன்தான் நீங்கினான். தீமைகளுள் மிகக் கொடியது, தான் தீங்குற்றதை அறியவும் முடியாதபடி ஒருவனை ஆக்கிவிடுவது என்றே நமக்குத் தோன்றுகிறது. நினைவு பறிபோனவன் நீதி கேட்கவும் வகையற்றவன்.

வார்லாக்கின் கணக்கும் அவ்வாறே துடைக்கப்படுகிறது. தான் பலிகொடுத்த தோழர்களின் முகத்தை அவன் நாணமின்றிப் பார்க்கலாம். ஸ்டார்லின் இதனை உணர்ந்தே இருந்தார் போலும். இறுதி இதழில் தானோஸ் தப்பி, எங்கோ ஒரு தொலைதூரக் கோளில் உழவனாகி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறான். உள்ளத்தின் ஆழத்தில் அந்த ஆற்றலுக்குத் தான் தகுதியற்றவன் என்று அவனே அறிந்திருந்ததால்தான் ஒவ்வொரு முறையும் தோல்விக்கு ஒரு வாயிலைத் திறந்துவைத்தான் என்பது வார்லாக்கின் விளக்கம். அழகிய விளக்கந்தான். ஆயினும் அது தவ்பா ஆகாது. வருந்துவது வேறு, ஓய்ந்து போவது வேறு. ஏர் பிடித்த கையை வைத்தே ஒருவன் திருந்தினான் என்று கொள்ள நாம் உடன்பட மாட்டோம்.

நம் மரபிலும் நீளத்துக்குக் குறைவில்லாத வீரக்கதை உண்டு. அமீர் ஹம்ஸாவின் தாஸ்தான் அது. அக்பர் அதற்காகச் சுமார் 1400 ஓவியங்களைத் தீட்டுவித்தார். இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அதனை 46 பெருந்தொகுதிகளாக விரித்தது. தேவர், பரிகள், சூனியக்காரர் எழுப்பிய திலிஸ்ம் என்னும் மாய உலகங்கள், அடியில்லாப் பையைத் தோளில் தொங்கவிட்டுத் திரியும் அம்ர் அய்யார் என்று அதில் இல்லாத அற்புதம் இல்லை. அங்கும் கதைஞன் பிழைப்புக்காகக் கதையை நீட்டினான். நாளைக்கும் கேட்க ஆள் வர வேண்டுமே! உண்மை வரலாற்றுக்கும் அதற்கும் உள்ள தொலைவை நம் உலமாக்கள் கண்டித்ததும் முறையே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹம்ஸா (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார்; ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டு உஹதுப் போரில் ஷஹீதானவர். காஃப் மலைவரை அவரைப் பறக்கவிட்ட கதைஞனும், 1871இல் அப்துல்லாஹ் பில்கிராமி பதிப்பித்த நூலில், கடைசியில் அவரை உஹதுக்கே கொண்டுவந்து சேர்க்கிறான். எவ்வாறு வீழ்ந்தார் என்பதில் கற்பனை கலந்திருக்கிறது. வீழ்ந்தார் என்பதில் இல்லை. அத்தனை மாயங்களையும் முறியடித்தவரை அங்கிருந்து மீட்டுவர ஒரு திலிஸ்மையும் அவன் கட்டவில்லை. கட்டியிருந்தால் கேட்டோர் எழுந்து போயிருப்பர்.

ஸ்டார்லினின் கதை 2018இலும் 2019இலும் இரு திரைப்படங்களாயிற்று. மரணத்தின்மீது கொண்ட காதலை நீக்கி, உயிர்கள் பெருகி வளங்கள் வற்றுகின்றன என்னும் கணக்கைத் தானோஸின் வாயில் வைத்தனர். நம் கருத்தில் அது இழப்பே. காதலால் கொல்பவனைவிடக் கணக்கால் கொல்பவன் எளிதில் ஆதரவாளர்களைப் பெறுகிறான். ஆனால் இரண்டாம் படம் மூலக்கதையின் பெருங்குறையைத் தொட்டுத் திருத்தியது. அங்கே இருபத்து நான்கு மணி நேரம் துடைக்கப்படவில்லை. ஐந்து ஆண்டுகள் கழிகின்றன. மறைந்தோரை மீட்கலாம், ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகளை அழிக்கலாகாது என்பது டோனி ஸ்டார்க்கின் நிபந்தனை, அவ்வாண்டுகளில் பிறந்த ஒரு மகள் அவருக்கு இருக்கிறாள். மறைந்தோர் மீள்கின்றனர், அவர்களை மீட்கும் முயற்சியில் மாண்டோர் மீளவில்லை. அழுதோர் அழுதது அழுததே.

அப்படத்தில் ஸ்காட் லாங் என்பவர் நடந்தது ஏதும் அறியாமல், ஐந்தாண்டுகள் கழித்துச் சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் திரும்புகிறார். மறைந்தோரின் பெயர்கள் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மகளின் பெயர் இருந்துவிடக்கூடாதே என்று கல் கல்லாக ஓடித் தேடுகிறார். அவள் பெயர் இல்லை. தம் பெயர் இருக்கிறது. வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டுகிறார். அவர் தேடி வந்த சிறுமி அங்கில்லை. வளர்ந்த பெண்ணொருத்தி கதவைத் திறந்து, தந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தபடி நிற்கிறாள்.