நாய்க்கு நன்றி கிடையாது

நாய் வளர்ப்பவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்: நாய்க்கு நன்றி என்ற குணம் கிடையாது. நானும் நாய் வளர்க்கிறவன். நாய் இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஆனாலும் அதன் கழுத்தில் நாம் மாட்டிவைத்திருக்கிற இந்தப் பட்டத்தைக் கழற்றியாக வேண்டும். அந்தப் பட்டத்தால் நாய்க்கு நன்மை இல்லை. மனிதனுக்கோ பெருங்கேடு.

வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஜிம் மெக்கெட்ரிக் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்து அடைப்பில் இருக்கிற கருவியிலிருந்து தீனி விழும். ஒருவர் பொத்தானை அழுத்தி நாய்க்குத் தீனி கிடைக்கச் செய்தார். இன்னொருவர் அழுத்தாமல் சும்மா இருந்தார். பிறகு பொத்தான் நாயின் பக்கம் வைக்கப்பட்டது. இப்போது நாய் அழுத்தினால் மனிதனுக்குத் தின்னக் கிடைக்கும். தனக்குக் கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் நடுவில் அந்த நாய்கள் எந்த வேறுபாடும் காட்டவில்லை. மனிதனுக்குச் சாப்பாடு போடுவது நாயின் வாழ்க்கையிலேயே இல்லாத வேலை, அதனால் சோதனையின் அமைப்பே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். சரி. ஆனால் ஒரு வேளை சோறு போட்டால் உயிருள்ளவரை மறக்காது என்று அடித்துப் பேசுகிற நம்மிடம் அந்த அளவுக்காவது சோதித்துப் பார்த்த சான்று ஏதாவது இருக்கிறதா?

நாயின் முகத்தில் நாம் படிக்கிற நீதிநெறியெல்லாம் பெரும்பாலும் நாம் எழுதியதுதான். செருப்பைக் கடித்துவிட்டுக் காதை மடக்கிக்கொண்டு நிற்கும்போது 'பார், செய்த தப்பு அதற்கே தெரிகிறது' என்கிறோம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தின்னக் கூடாது என்று சொன்னதைத் தின்ற நாயும் தின்னாத நாயும் அதே முகத்தைத்தான் காட்டின. வளர்ப்பவர் திட்டியபோது அந்த முகம் அதிகம் வந்தது, திட்டாதபோது குறைவாகவே வந்தது. அது குற்ற உணர்ச்சி அல்ல. எதிரில் நிற்கிற கோபத்தைப் பார்த்து ஒடுங்குவது.

அப்படியானால் நாய்க்கு நம்மேல் ஒன்றுமே இல்லையா? உண்டு. நன்றியைவிடப் பெரியதாகவே உண்டு.

எங்கள் வீட்டு நாய் தெருவில் கிடைத்த நாட்டு நாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்கு உண்ணி எடுக்க உட்காருவேன். காது மடலின் உள்பக்கம், தாடைக்குக் கீழே, கால் விரலிடுக்கு என்று தடவிக்கொண்டே போனால் விரலில் சின்னச் சின்னக் கொட்டையாகத் தட்டுப்படும். பிடித்து இழுத்துச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவேன். விரலிடுக்கில் இருப்பதை இழுக்கும்போது வலிக்கும் போல, கால் வெடுக்கென்று துள்ளும், ஒரு சின்ன உறுமல் வரும். ஆனால் எழுந்து போகாது. தலையை என் தொடைமேல் வைத்துக்கொண்டே கிடக்கும். நான் கையை எடுத்தால் மூக்கால் இடித்துத் திரும்பக் கேட்கும். நான் செய்வது உதவி என்று அதற்குத் தெரியுமா? தெரியாது. கணக்கில் வரவு வைக்கிறதா? இல்லை. என் கை அதற்குப் பாதுகாப்பான இடம், அவ்வளவுதான். கூரிய பல்லும் வேகமான காலும் உள்ள ஓர் உயிர், வலியைத் தருகிற கையிலேயே தன் கழுத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறது. இதைவிட நன்றி பெரியதா?

இது என் ஒருவனின் உருக்கம் இல்லை. நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுவதை ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தினர் 2015இல் காட்டினார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் நடுவில் வேலை செய்கிற அதே சுரப்பு. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது அப்படி நிகழவில்லை. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. அறிமுகமில்லாத மனிதரை ஒரு தெருநாய் நம்பத் தொடங்குவதற்கு, திரும்பத் திரும்பச் சோறு போடுவதைவிடத் திரும்பத் திரும்பத் தடவிக்கொடுப்பதே அதிகம் உதவுகிறது என்பது அவர்கள் கண்டது. பாதி நாள் பட்டினி கிடக்கிற நாய்க்கே அப்படி. சோற்றுக்காகத்தான் வாலாட்டுகிறது என்று சொன்னவர்கள் நாயை அல்ல, தங்கள் மனத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு ஏன் இந்தப் பிணைப்புக்கு நன்றி என்று பேர் வைத்தோம்? அது எஜமானுக்கு வசதி. அன்பு என்று சொன்னால் இரண்டு பக்கமும் கடமை வரும். நன்றி என்று சொல்லிவிட்டால் நான் கொடுத்தவன், அது பட்ட கடனைத் தீர்க்கிறது, என் பக்கம் பாக்கி எதுவும் இல்லை.

இந்தக் கணக்கின் விளைவை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கேட்டுக்குப் பக்கத்தில் நான்கடிச் சங்கிலி. அதன் வட்டத்துக்குள்ளேயே சோறு, அங்கேயே மூத்திரம், அங்கேயே தூக்கம். கழுத்துப்பட்டை உரசி உரசி முடி கொட்டி, தோல் தடித்துக் கறுத்திருக்கும். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார்: 'எட்டு வருஷமா இங்கேயே கிடக்குது சார், அவ்வளவு நன்றி!' அது கிடக்கவில்லை, கட்டிப்போடப்பட்டிருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவு, எப்போதும் கட்டியே வைத்திருக்கிற நாயை நடக்க, ஓட விடாத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. வளர்த்த விலங்கைக் கைவிடுவதையும் குற்றம் என்கிறது. முதல்முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்வரை! ஒரு டீ, ஒரு வடைக்கான காசு. ஆனாலும் அந்தச் சட்டம் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறது. நாய்க்கு என்ன குணம் இருக்க வேண்டும் என்று அது ஒரு வரிகூட எழுதவில்லை. உரிமையாளனுக்கு என்ன கடமை என்றுதான் எழுதியிருக்கிறது.

நன்றிக் கதை உயிரையும் வாங்குகிறது. தெருநாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களே, வீட்டு நாயின் பல் பட்டால், நகம் கீறினால் 'நம்ம நாய்தானே, அது நமக்குக் கெடுதல் செய்யுமா' என்று மஞ்சளையோ சுண்ணாம்பையோ தடவிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். வெறிநோய்க் கிருமிக்கு விசுவாசம் தெரியாது. குட்டி நாயிடமிருந்தும் வரும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாருமே பிழைப்பதில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். நாய்க்கு ஆண்டுதோறும் போட வேண்டிய தடுப்பூசியைப் போட்டுவிட்டுப் பிறகு அதைக் கொஞ்சுங்கள்.

நாயிடம் பழகிய கணக்கை மனிதனிடமும் நீட்டுகிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. கட்டிலில் நாய்க்கு இடம் கொடுக்கிற வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்குத் தனி டம்ளர் இருக்கிறது. அந்த அம்மா இருநூறு ரூபாய் கூடக் கேட்டால், 'இத்தனை வருஷம் சோறு போட்டோம், நாய்க்கு இருக்கிற நன்றிகூட இல்லை' என்ற பேச்சு வருகிறது. நாய் சம்பள உயர்வு கேட்காது. விடுப்பு கேட்காது. நீ செய்தது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லாது. உரிமை கேட்க வாயில்லாத உயிரிடம் அன்பாக இருப்பது சுலபம். அந்தச் சுலபத்தை வைத்துத் தன்னை இளகிய மனசுக்காரன் என்று யாரும் முடிவுகட்டிக்கொள்ளக் கூடாது.

சோறு போட்டதற்கு விசுவாசம் கேட்கிற இந்தக் கணக்குக்கு நம் மரபிலேயே அழகான ஒரு பெயர் இருக்கிறது, செஞ்சோற்றுக் கடன். துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தும் கர்ணன் அவனுக்காக நின்று செத்ததைச் சொல்லிச் சொல்லிக் கண்ணீர் விடுகிறோம். கொஞ்சம் நிதானமாக யோசித்தால் அது எவ்வளவு அபாயமான பாடம் என்று தெரியும். சோறு போட்டவன் சொன்னால் யார்மேல் வேண்டுமானாலும் பாய்வேன் என்பதுதானே அது? 1963 மே மாதம் அமெரிக்காவில் பர்மிங்ஹாம் நகரத்துப் போலீஸ், சம உரிமை கேட்டு ஊர்வலம் வந்த கறுப்பினத்தவர்கள்மேல் நாய்களை ஏவியது. அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏராளம். பிடித்த கை எந்தப் பக்கம் காட்டியதோ அந்தப் பக்கம் அவை பாய்ந்தன. அது நாயின் குற்றம் அல்ல, அதனால் அவ்வளவுதான் முடியும். மனிதனால் மறுக்க முடியும். மறுக்கிற அந்தச் சக்தியைத்தான் 'உப்பிட்டவரை' என்று தொடங்குகிற பழமொழி பிடுங்கப் பார்க்கிறது.

தஞ்சைப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக விசுவாசம் என்ற பெயரில் அடிமைத்தனம் நடந்தது. குடியிருக்கிற மனைக்கட்டும் மிராசுதாருடையது, அளக்கிற நெல்லும் அவர் தயவு. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, கூலி இவ்வளவு, நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று எழுதியபோதுதான் தயவு உரிமையாக மாறத் தொடங்கியது. இன்றைக்கும் அரசாங்கம் மக்கள் பணத்தில் கொடுப்பதை வாங்கிக்கொண்டவர்களிடம் 'வாங்கித் தின்றுவிட்டு ஓட்டை மாற்றிப் போட்டான், நன்றிகெட்டவன்' என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிமகனை வாசலில் கட்டிப்போடுகிற பேச்சு அது. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது பெற்றவன் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதைப் பேசுகிறது. கொடுத்தவன் ரசீதை நீட்டி வசூலிக்கலாம் என்று வள்ளுவர் எங்கும் உரிமை எழுதித் தரவில்லை.

நாயைப் பெருமைப்படுத்த நன்றி என்ற பட்டம் தேவையே இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாட்டு மந்தையைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்வெட்டு சொல்கிறது. பெயரும் செயலும்தான். எஜமான விசுவாசம் என்று ஒரு சொல் இல்லை. மனிதனுக்குக் கொடுத்த அதே மரியாதை.

அதைவிடப் பழைய சான்று ஒன்று ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில், ஓபர்காசெல் என்ற இடத்தில், 1914இல் கல் உடைக்கும்போது கிடைத்தது. ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. ஏழு மாதம் நிரம்பாத அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் நோய் வந்து வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், யாரோ சுத்தம் செய்து தண்ணீரும் உணவும் ஊட்டாமல் அவ்வளவு நாள் பிழைத்திருக்காது என்று 2018இல் எழுதினார்கள். அது வேட்டைக்கு உதவியிருக்காது, காவலுக்கும் உதவியிருக்காது. பதிலுக்கு எதையும் கேட்காமல் அந்தப் பனியுகத்து மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். கிழடு தட்டியதும், கண் மறைத்ததும், காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருகிறவர்கள் அவர்களிடம் பாடம் படிக்க வேண்டும்.

ஹாச்சிகோவை விட்டுவிட்டால் நான் தப்பித்துக்கொண்டதாகச் சொல்வீர்கள். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் இறந்தார். அவருடைய நாய் ஹாச்சிகோ 1935 மார்ச்சில் சாகும்வரை, அவர் வந்து இறங்குகிற ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய்வந்துகொண்டே இருந்தது. 1932இல் ஒரு நாளிதழ் அதைப் பற்றி எழுதும்வரை நிலையத்தில் அதை விரட்டியவர்கள் உண்டு, அடித்தவர்கள் உண்டு. செய்தி வந்ததும் அது தேசத்தின் சொத்து. 1934இல் சிலை. 1935இல் இரண்டாம் வகுப்பு நீதிபோதனைப் பாடநூலில், செய்த நன்றியை மறவாதே என்ற பொருளில் தலைப்பிட்டு அதன் கதை. பேரரசருக்காகச் சாவதே பிறவிப்பயன் என்று அந்த நாடு தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பாடத்தை இரண்டாம் வகுப்பில் படித்த பையனுக்கு 1945இல் வயது பதினேழு, பதினெட்டு. போருக்கு உலோகம் வேண்டும் என்று சிலையையும் உருக்கினார்கள். இப்போது நிற்பது 1948இல் வைத்த சிலை.

அந்த நாய் நிலையத்துக்குப் போனது தான் நேசித்த ஒருவர் வருகிற இடம் என்பதால். கடன் அடைக்கப் போகவில்லை. சரி, அந்தப் பத்து ஆண்டுகள் அது எப்படி உயிரோடு இருந்தது? பேராசிரியர் வீட்டுக்குத் தோட்டவேலை செய்துகொண்டிருந்த கோபயாஷி கிகுசபுரோ என்பவர்தான் அதில் பெரும்பகுதிக் காலம் அதை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டார். அது தன்னைத் தேடி நிலையத்துக்குப் போகவில்லை என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டார். நீதிபோதனைக்கு அந்தத் தோட்டக்காரர் தேவைப்படவில்லை.

எஜமான் இறந்த பிறகு சுடுகாட்டை விட்டு நகராத நாய், ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்த நாய் என்று உங்கள் ஊரிலும் கதை இருக்கும். சொல்லுங்கள், கேட்கிறேன். சொல்லும்போது, அத்தனை நாளும் அதற்குச் சோறு வைத்தது யார் என்று விசாரித்து அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.