விற்ற வீட்டின் கணக்கு

இருப்பதையெல்லாம் விற்றுப் படிக்கவைத்த பிள்ளை படித்தும் முன்னுக்கு வராமல் போனால், அது யாருடைய தோல்வி? ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1936இல் எடுத்த ‘ஒரே மகன்’ படம் இந்தக் கேள்வியை விட்டு நகர்வதே இல்லை. அவருடைய முதல் பேசும்படம் இது. அவரது ‘டோக்கியோ ஸ்டோரி’யைக் கொண்டாடுகிறவர்கள்கூட இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஷின்ஷூ மலைநாட்டுப் பட்டாலையில் உழைக்கும் விதவை ஒத்சுனே. மகன் ரியோசுகே பெரிய ஆளாகியிருப்பான் என்று டோக்கியோவுக்குப் போகிறாள். அவனோ இரவுப் பள்ளியில் வாத்தியார். தனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததைக்கூட அம்மாவுக்குச் சொல்லாதவன். கடன் வாங்கி அவளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறான். அந்தக் காசு தீர்ந்ததும் மருமகள் தன் கிமோனோவை விற்கிறாள். படிக்க வைக்கும்படி அன்று தூண்டிய ஆசிரியரும் அதே டோக்கியோவில் பன்றிக்கறி பொரித்து விற்றுப் பிழைக்கிறார்.

ஓர் இரவு அம்மா உடைத்துச் சொல்லிவிடுகிறாள்: வீடும் மல்பெரித் தோட்டமும் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டன. அவன் ஏழையாக இருப்பதல்ல, இவ்வளவுதான் நம்மால் முடியும் என்று ஓய்ந்துவிட்டதே அவளைச் சுடுகிறது. மருமகள் விம்முகிறாள். கேமரா ஆளில்லாத ஒரு மூலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு அவளுடைய கோபம் புரிகிறது, நியாயமாகப் படவில்லை. பட்டதாரிகளுக்கு வேலை கிடைக்காத காலம் அது. ‘பட்டம் பெற்றேன், ஆனால்...’ என்று ஓசுவே 1929இல் ஒரு படம் எடுத்திருந்தார். அந்த வருடக் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. ஜப்பானியக் கச்சாப் பட்டில் பெரும்பகுதியை வாங்கிவந்த அமெரிக்கா கையைச் சுருக்கியதும் பட்டு விலை பாதாளத்துக்குப் போயிற்று. தாயின் பட்டையும் மகனின் பட்டத்தையும் மலிவாக்கியது ஒரே காலம். அந்தக் காலத்தோடு மல்லுக்கட்ட வழியில்லாததால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

மறுநாள், குதிரை உதைத்துக் காயப்பட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்காக மகன் கையிலிருந்த பணத்தை அப்படியே கொடுக்கிறான். தாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. ஊர் திரும்பியதும் மகன் பெரிய ஆளாகிவிட்டான் என்று தோழியிடம் சொல்கிறாள்; பிறகு தனியே போய்க் கலங்குகிறாள்.

பேரனுக்கென்று அவள் வைத்துவிட்டுப்போன பணத்தைப் பார்த்ததும் ரியோசுகே மறுபடி படிக்கத் தீர்மானிக்கிறான். பலர் இதை நம்பிக்கை என்பார்கள். எனக்கோ, பழைய கடனே குழந்தையின் பேருக்கு மாற்றி எழுதப்படுவதாகத்தான் தோன்றுகிறது.